தலையில் கோடு போட்டால் அக்குள், போடாவிட்டால் கேக்

வாசகர் கேள்வி பதில்

ஒரு வாசகி, ஆக்லாந்து: போன இதழில் ஒரு கேள்விக்கு, "நியூசிலாந்து ஊர்ப்பெயர்களில் எழுத்தின் தலையில் போடுகிற கோடு வெறும் அலங்காரம்" என்று பதில் எழுதியிருந்தீர்கள். இங்கே பள்ளியில் படிக்கிற என் மகனிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அந்த அங்கிளை ஒரு நாள் எங்கள் வகுப்பில் வந்து உட்காரச் சொல்லுங்கள்" என்கிறான். என்ன சொல்லட்டும்?

உட்காருகிறேன் என்று சொல்லுங்கள். பையன் சொல்வதுதான் சரி, நான் எழுதியது சுத்தத் தப்பு. நமக்குத் துணைக்கால் எதுவோ நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கு அந்தக் கோடு அதுதான், அலங்காரம் என்று எப்படி எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர்கள் மொழியில் ஐந்து உயிரொலிகள், ஒவ்வொன்றுக்கும் குறில் உண்டு, நெடில் உண்டு. அதாவது நம்முடைய பன்னிரண்டு உயிரெழுத்தில் ஐயையும் ஔவையும் எடுத்துவிட்டால் மிச்சம் நிற்கிற பத்து இருக்கிறதே, அதே பத்து. ஆனால் எழுதுவது ரோமன் எழுத்தில், அங்கே கையில் இருப்பது ஐந்து உயிரெழுத்துதான், பத்து ஒலியை ஐந்து எழுத்தில் எப்படி அடைப்பது? நெடிலானால் தலையில் ஒரு கிடைக்கோடு. அதற்கு அங்கே தொஹுதோ என்று பெயர், தொப்பி என்றும் சொல்வார்கள்.

தமிழில் எழுதிக் காட்டினால் நமக்கு ஒரே நிமிடத்தில் புரியும். கெகெ என்றால் கேக். கேகே என்றால் அக்குள். பேக்கரி வாசலில் கோடு தவறிப்போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மரம என்றால் நிலா, மாதம் என்றும் பொருள், மாரம என்றால் தெளிவு, 'புரிந்ததா' என்று கேட்க அந்தச் சொல்தான். இதையும் விட எனக்குப் பிடித்தது, சில சொற்களில் ஒருமை பன்மையையே நெடில்தான் காட்டுகிறது. வஹினெ ஒரு பெண், வாஹினெ பல பெண்கள். நாம் 'கள்' போடுகிற இடத்தில் அவர்கள் முதலெழுத்தைக் கொஞ்சம் இழுக்கிறார்கள், அவ்வளவுதான். எழுத்தில் அந்த இழுப்பைக் காட்டுவது அந்தக் கோடு ஒன்றுதான், அதை விட்டுவிட்டால் கூட்டத்துக்கு வந்தது ஒருத்தியா ஊர்ப் பெண்கள் எல்லோருமா என்பதே போய்விடும், பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொரு தப்பையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மாவோரி என்று நாம் எல்லோருமே எழுதுகிறோம், நானும் இத்தனை நாள் அப்படித்தான் எழுதினேன். அவர்கள் எழுதும்போது முதல் அகரத்தின் தலையில்தான் கோடு இருக்கிறது, அடுத்த ஒகரத்தின் தலையில் ஒன்றும் இல்லை. அப்படியானால் மாவொரி. குறிலும் நெடிலும் தனித்தனி எழுத்தாகவே வைத்திருக்கிற நாம், அந்த இனத்தின் பெயரிலேயே குறிலை நெடிலாக்கி வைத்திருக்கிறோம். இந்தப் பக்கத்திலாவது மாவொரி என்றே எழுதுகிறேன், பையனிடம் காட்டுங்கள்.

ஒரு வாசகர், திருநெல்வேலி: நானும் அந்தப் பதிலைப் படித்தேன். அந்தக் கோடு அவ்வளவு முக்கியம் என்றால் பாதிரிமார் எழுத்து வகுத்துக் கொடுத்தபோதே ஒழுங்காகப் போட்டிருப்பார்களே? இப்போது ஏன் திடீரென்று எல்லா இடத்திலும் தெரிகிறது?

நல்ல குறுக்குக் கேள்வி. 1820இல் ஹொங்கி ஹிகா என்ற மாவொரித் தலைவர் இங்கிலாந்து போய், கேம்பிரிட்ஜில் சாமுவேல் லீ என்ற பேராசிரியரோடு உட்கார்ந்து தன் மொழிக்கு இலக்கணமும் சொல்தொகுதியும் உருவாக உதவினார், கூடவே போனவர் தாமஸ் கெண்டல் என்கிற மிஷனரி. எழுத்து வடிவம் அதிலிருந்து மெல்ல மெல்ல நிலைத்தது. ஆனால் அதற்குப் பிறகு அச்சான வேதப் புத்தகமானாலும் சரி, 1842இல் தொடங்கி வந்த மாவொரி மொழிச் செய்தித்தாள்களானாலும் சரி, பொதுவாக நெடில் குறி இல்லாமல்தான் வந்தன. யாரும் குறைப்பட்டுக்கொள்ளவும் இல்லை, ஏனென்றால் படித்தவர்கள் எல்லோரும் அந்த மொழியைத் தாய்மடியில் கேட்டு வளர்ந்தவர்கள். 'கோவில்பட்டி' என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் நீங்கள் சரியாகத்தானே படிப்பீர்கள்? அது மாதிரி.

சிக்கல் எப்போது வந்தது என்றால், பிள்ளைகள் வீட்டில் அந்த மொழியைக் கேட்காமல் வளரத் தொடங்கியபோது. பள்ளியில் இங்கிலீஷ், பட்டணத்தில் இங்கிலீஷ், தாத்தா பாட்டிதான் மாவொரி பேசுகிறார்கள் என்ற நிலை வந்துவிட்டது. அப்புறம் 1982இல் மொழிக்கூடு என்று பெயர் வைத்து மழலைப் பள்ளிகள் தொடங்கினார்கள், பறவைக் கூடு என்கிற அதே பொருளில், பெரியவர்கள் நடுவில் குஞ்சுகள் மாவொரி மட்டுமே கேட்டு வளரட்டும் என்று. 1987இல் அது ஆட்சிமொழி ஆனது, மொழி ஆணையமும் வந்தது. இப்போது புத்தகத்தைப் பார்த்து மொழி கற்றுக்கொள்கிற ஒரு தலைமுறை இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குக் கேக் எது, அக்குள் எது என்று யார் சொல்லித் தருவது? எழுத்துதான் சொல்ல வேண்டும்.

ஆனால் எப்படிக் காட்டுவது என்பதில் சண்டை இருந்தது. 1950களிலிருந்து ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் மாவொரி கற்பித்த புரூஸ் பிக்ஸ் என்ற மொழியறிஞர், கோடெல்லாம் வேண்டாம், எழுத்தை இரண்டு தடவை அடியுங்கள் என்றார், ஆ வேண்டுமானால் இரண்டு அகரம். தட்டச்சுப் பொறியில் கோடு கிடையாது, அதனால் அது சுலபமும்கூட. மொழி ஆணையம் கோட்டின் பக்கம் நின்றது, கோடு ஜெயித்தது. வைகட்டோ பகுதி மக்கள் மட்டும் இன்றைக்கும் விடாப்பிடியாக இரட்டை எழுத்துதான், அவர்களுடைய அரசர் இயக்கத்தின் பெயரிலேயே இரண்டு இகரம் அடுத்தடுத்து நிற்கும். கணினி வந்த புதிதில் கோடு போட்ட எழுத்துரு கிடைக்காமல், ஜெர்மன்காரர்கள் போடுகிற இரட்டைப் புள்ளியைக் கோட்டுக்குப் பதிலாகப் போட்டு ஒப்பேற்றிய காலமும் உண்டு. இப்போது மாவொரி விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, எண் ஒன்றுக்கு இடதுபக்க விசையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உயிரெழுத்தை அடித்தால் தொப்பியோடு வந்து நிற்கிறது. திடீரென்று எல்லா இடத்திலும் தெரிகிறது என்றீர்களே, அதற்குக் காரணம் நாட்டின் பெரிய செய்தி ஊடகங்கள் 2017 வாக்கில் போடத் தொடங்கியதும், ஊர்ப்பெயர் வாரியம் 2019இல் 800க்கும் மேற்பட்ட மாவொரிப் பெயர்களை, தேவையான இடத்தில் கோட்டோடு, அதிகாரபூர்வமாக்கியதும்தான். வழிகாட்டிப் பலகைகள் பின்னாலேயே வருகின்றன.

ஒரு வாசகர், புதுச்சேரி: நெடிலுக்குக் குறி போடும் பழக்கத்தை ஐரோப்பாவில் யார் தொடங்கினார்கள்? எல்லா நெடிலுக்கும் போட வேண்டியது அவசியமா?

யார் முதலில் என்பதை விடுங்கள், பழைய ரோமானியர்களிடமே இருந்தது. அவர்களும் முதலில் எழுத்தை இரட்டித்துத்தான் பார்த்தார்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அக்கியுஸ் என்ற கவிஞர் அப்படிச் சொன்னார் என்பார்கள், சில காலம் கல்வெட்டுகளிலும் வந்தது, அப்புறம் வழக்கொழிந்தது. பிறகு எழுத்தின் மேலே ஒரு சாய்ந்த கீற்று போட்டார்கள், அதற்கு அபெக்ஸ் என்று பெயர், ஈகாரத்துக்கு மட்டும் கீற்றுக்குப் பதில் அந்த எழுத்தையே பக்கத்து எழுத்துகளைவிட உயரமாக வெட்டிவிடுவார்கள். பழைய லத்தீன் கல்வெட்டுப் படங்களில் ஒரு எழுத்து மட்டும் நெட்டையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், சிற்பி கை தவறிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஒருவர் 1,900 வருடம் முன்பே பதில் சொல்லிவிட்டார். குவின்டிலியன் என்ற பேச்சுக்கலை ஆசிரியர். நெடில் வருகிற இடத்திலெல்லாம் அபெக்ஸ் போடுவது சுத்த முட்டாள்தனம், ஆனால் பொருள் மாறுகிற இடத்தில் கட்டாயம் வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் காட்டும் உதாரணம் மலுஸ் என்ற சொல். குறிலாகப் படித்தால் கெட்ட மனிதன், நெடிலாக மாலுஸ் என்று படித்தால் மரம். ரோமாபுரியில் பிறந்து லத்தீன் பேசி வளர்ந்தவனுக்கு அந்த யோசனை போதும். போன கேள்வியில் சொன்ன மழலைப் பள்ளிக் குழந்தைக்குப் போதாது, எந்தச் சொல்லில் குழப்பம் வரும் என்று தெரிவதற்கே மொழி தெரிந்திருக்க வேண்டுமே. அதனால் நான் குவின்டிலியன் கட்சி இல்லை, போடுவதென்றால் எல்லா இடத்திலும் போட்டுவிடுங்கள்.

ஒரு வாசகி, தஞ்சாவூர்: ஏ, ஓ எழுத்துகளை வீரமாமுனிவர் சீர்திருத்தினார் என்று பள்ளியில் படித்தோம். அதற்கு முன்னால் நம் ஆட்கள் குறில் நெடில் தெரியாமலா எழுதினார்கள்?

தெரியாமல் என்ன, தொல்காப்பியத்திலேயே விதி இருக்கிறது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவிலேயே "எகர ஒகரத் தியற்கையும் அற்றே" என்கிறார், அதாவது எ, ஒ இரண்டுக்கும் புள்ளி வை என்று. கவனியுங்கள், குறி வைத்தது குறிலுக்கு. குறி இல்லாமல் வெறுமையாக நின்றால் அது நெடில். நன்னூலும் இதையே சொல்கிறது. ஏட்டில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும், அதனால் எழுதியவர்கள் புள்ளியையே விட்டுவிட்டார்கள். விளைவு, எவும் ஏவும் ஒன்று, கெவும் கேவும் ஒன்று, கொவும் கோவும் ஒன்று. போதாக்குறைக்குத் துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம்.

ஒரு சுவடியைக் கையில் எடுத்துக்கொண்டு பார்ப்போம். கொம்பு, ககரம், கால், டு என்று நான்கு உரு தெரிகிறது. கொடு என்றும் படிக்கலாம், கோடு என்றும் படிக்கலாம், காலை ரகரமாக எடுத்துக்கொண்டால் வேறொன்றும் ஆகும். செய்யுளானால் தப்பித்தோம். எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் மட்டும் போதாது, முதலெழுத்து அளவிலும் ஒத்திருக்க வேண்டும் இல்லையா, அதனால் அடுத்த அடியின் தொடக்கத்தைப் பார். அங்கே 'நாடு' என்று இருந்தால் இது கோடு, 'விடு' என்று இருந்தால் இது கொடு. எழுத்து காட்டாத மாத்திரையை யாப்பு காட்டிக்கொடுக்கும். உரைநடைக்கு அந்தத் துணையும் கிடையாது, பொருளைப் பார்த்துத்தான் யூகிக்க வேண்டும்.

வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் செய்தது தொல்காப்பியர் முறையைத் தலைகீழாகத் திருப்பியது. வெறும் எழுத்து குறில், குறி நெடிலுக்கு. எகரத்தின் கீழே ஒரு கோடு இழுத்தால் ஏ, ஒகரத்தின் அடியைச் சுழித்தால் ஓ, ஒற்றைக் கொம்பின் தலையைச் சுழித்தால் நெடிலின் கொம்பு. ஓலை கிழியாமல் எழுத்தாணியில் இழுக்கக்கூடிய வடிவங்கள் என்பதைப் பாருங்கள். 1730இல் அவர் எழுதிய தொன்னூல் விளக்கத்தில் இந்த இலக்கணம் இருக்கிறது. இத்தாலியில் பிறந்து, வளர்ந்த பிறகு தமிழ் படித்தவர் அவர். அவருடைய தாய்மொழியில் கொடு, கோடு மாதிரி உயிரின் நீளத்தால் மட்டும் பொருள் மாறுகிற இரட்டைகள் கிடையாது. காது பழகாதவருக்குத்தான் கண்ணுக்கு ஒரு குறி வேண்டியிருந்திருக்கும், இது என் கணிப்பு. மொழிக்கூட்டுப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள், அதே கதைதான்.

ஒரு வாசகர், கோவை: சில பத்திரிகையில் ஒசாகா, சிலதில் ஒசாக்கா. எது சரி?

இரண்டும் இல்லை. ஜப்பானியர் உச்சரிப்பது ஓசக. முதலெழுத்து நெடில், பின்னால் வருகிற இரண்டும் குறில். நாம் நெடிலைக் குறிலாக்கி, குறில்களைப் பிடித்து நீட்டிவிட்டோம், இதைவிடத் துல்லியமாகத் தப்புச் செய்ய முடியாது. ஆங்கிலத்தில் கோடில்லாமல் பார்த்து நாமாக இழுத்ததன் விளைவு. அங்கே ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளில் முதலெழுத்தின் தலையில் கோடு பளிச்சென்று இருக்கும்.

ஜப்பானியருக்கும் இது வாழ்வா சாவா விஷயம்தான், பிரு என்றால் கட்டடம், பீரு என்றால் பீர், ஒபசன் அத்தை, ஒபாசன் பாட்டி (ஒரு பெண்மணியைக் கூப்பிடும்போது எதில் தவறினால் ஆபத்து அதிகம் என்று உங்களுக்கே தெரியும்). வெளிநாட்டுச் சொற்களை எழுதுகிற கதகனாவில் நெடிலுக்கு எழுத்தை அடுத்து ஒரு நீளக் கோடு போடுவார்கள். அதே வாசகத்தை மேலிருந்து கீழாக எழுதினால் அந்தப் படுத்த கோடு எழுந்து நின்றுகொள்ளும், அது ஒரு அழகு.

ஒரு வாசகர், பெங்களூரு: வேலை விஷயமாக புடாபெஸ்ட் போயிருந்தேன். அங்கே சில எழுத்துக்கு மேலே இரண்டு புள்ளி, சிலதுக்கு இரண்டு கீற்று. அச்சுப் பிழையா?

பிழை இல்லை, புள்ளி குறில், கீற்று நெடில். ஹங்கேரிய மொழியில் சாதாரண உயிருக்கு ஒரு சாய்கீற்று போட்டால் நெடில், கொர் என்றால் வயது, கோர் என்றால் நோய். ஆனால் உதட்டைக் குவித்துக்கொண்டு எகரம் சொல்வது போன்ற ஒலி ஒன்று இருக்கிறது, அதற்கு ஏற்கெனவே தலையில் இரண்டு புள்ளி. அது நீண்டால்? இரண்டு புள்ளியையும் இழுத்து இரண்டு கீற்றாக்கிவிட்டார்கள், சமயோசிதம்தான். அந்த ஒலியில் தொடங்குகிற ஒரு வினைச்சொல், புள்ளியோடு எழுதினால் 'மகிழ்கிறான்', கீற்றோடு எழுதினால் 'பைத்தியம் பிடிக்கிறது'. இந்த இரட்டைக் கீற்று மேற்கு ஐரோப்பியக் கணினி எழுத்துத் தொகுதியில் இல்லாததால் பல வருடம் அந்த இடத்தில் பிரெஞ்சுக்காரர் தொப்பியோ போர்த்துகீசியர் நெளிகோடோ வந்து உட்கார்ந்திருந்தது.

அடுத்த தடவை பக்கத்தில் ப்ராக் வரை போனால் அங்கே உகரத்தின் தலையில் குட்டி வளையம் ஒன்றைப் பாருங்கள். அதுவும் ஊகாரம்தான். ஒரு காலத்தில் ஓகாரமாக இருந்து, உஒ என்று மாறி, கடைசியில் ஊ ஆகிவிட்ட ஒலி, பழைய ஒகரம் சின்னதாகித் தலைமேல் ஏறிக்கொண்டது. வீடு என்பதற்குச் செக் மொழியில் தூம், 'வீட்டின்' என்றால் தொமு, பழைய ஒகரம் எட்டிப் பார்க்கிறது.

ஒரு வாசகர், காயல்பட்டினம்: அரபியில் எப்படி?

நேர்மாறு. நெடிலுக்கு எழுத்தே உண்டு, குறிலுக்குத்தான் மேலும் கீழும் குறி. குர்ஆனில் எல்லாக் குறியும் இருக்கும், செய்தித்தாளில் இருக்காது, படிப்பவருக்கு மொழி தெரியும் என்கிற அதே நம்பிக்கை.

ஒரு வாசகி, மதுரை: மகளுக்குத் தேன்மொழி என்று பெயர் வைத்தோம். வெளியூர்க்காரர்கள் ஆங்கிலத்தில் பார்த்துவிட்டு தென்மொழி என்கிறார்கள். எகரத்தின் தலையில் கோடு போடலாமா? பாஸ்போர்ட்டில் அனுமதிப்பார்களா?

ஆராய்ச்சியாளர் வழக்கப்படி கோடு போடுவது சரிதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வந்ததே, அதில் ரோமன் எழுத்தில் ஏ, ஓ எல்லாம் கோட்டோடுதான் இருக்கும். ஆனால் ஒன்று, வடமொழிக்காரர்கள் முறையில் எழுதினால் ஏ, ஓவுக்குக் கோடு வராது. சமஸ்கிருதத்தில் குறில் எகரமும் ஒகரமும் கிடையாது, எல்லாம் நெடிலே, அப்புறம் எதற்குக் கோடு என்று விட்டுவிட்டார்கள். அந்த முறையைத் தமிழுக்கும் அப்படியே போட்டால் தேனும் தென்னும் ஒன்றாகிவிடும். 2001இல் வந்த உலகத் தர முறை இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏ, ஓவுக்குக் கோடு உண்டு என்று சொல்லிவிட்டது.

பாஸ்போர்ட் வேறு கதை. அதன் அடியில் இயந்திரம் படிக்கிற இரண்டு வரிகளில் வெறும் 26 எழுத்துதான் செல்லும், கோடு, புள்ளி, தொப்பி எதுவும் ஏறாது. ஜப்பானியர் நெடில் ஓகாரத்துக்கு ஒகரத்தோடு ஒரு ஹகரம் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் அரசு விட்டிருக்கிறது. நீங்கள் எகரத்தை இரண்டு தடவை போட்டால் தீன்மொழி என்று படிப்பார்கள், அது வேண்டாம்.

வீட்டு வாசல் பெயர்ப்பலகை உங்கள் இஷ்டம், தாராளமாகக் கோடு போடுங்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள், எழுதுகிறவர் பெயின்ட் இழுவிவிட்டது என்று நினைத்துத் துணியால் துடைத்துவிடப் போகிறார்.